வீட்டில் வாயாடி, வகுப்பில் மௌனம்

கேள்வி: நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்ட வீட்டைக் காலி செய்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. என் மகளுக்கு 7 வயது; தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. வீட்டில் அவள் வாய் ஓயாது. பாட்டியை அதட்டுவாள், டிவிக்கு எதிரே நின்று செய்தி வாசிப்பாள். பள்ளியில் ஒரு சொல் வருவதில்லை. பாலர் பள்ளியில் இருந்த 2 ஆண்டுகளும் இப்படித்தான். மோட்டாரில் ஏற்றிப் போகும்போது கோயில் திருப்பம் வரைக்கும் பேசிக்கொண்டே வருவாள். திருப்பத்தைத் தாண்டியதும் நின்றுவிடும். மதியம் திரும்பும்போது அதே திருப்பத்தில் மறுபடியும் தொடங்கும். போன மாதம் கழிவறைக்குப் போகக் கேட்க முடியாமல் வகுப்பிலேயே நனைத்துக்கொண்டாள். சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றலாமா என்று யோசிக்கும்படியும், மனநல மருத்துவரிடம் காட்டும்படியும் டீச்சர் சொல்கிறார். கணவர் இதைத் திமிர் என்கிறார். யாரோ வாயைக் கட்டிவிட்டார்கள் என்பது மாமியாரின் கட்சி. மனநல மருத்துவர் என்று பேச்சை எடுத்ததும், "பிள்ளையைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் போகிறாயா?" என்று அங்குள்ள மனநல மருத்துவமனையை நினைத்துக் கணவர் கத்துகிறார். மருந்து கொடுத்து அவளைத் தூங்கவைத்துவிடுவார்களோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கோயில் திருப்பம்தான். திமிர் பிடித்த பிள்ளைக்குத் திருப்பம் தெரியாது. அது எங்கே வேண்டுமானாலும் முரண்டு பிடிக்கும், உங்களிடமும் பிடிக்கும். பயத்துக்குத்தான் எல்லைக்கல் தெரியும். பள்ளி வெகுதூரத்தில் இருக்கும்போது பேச முடிகிறது, நெருங்கும்போது தொண்டை இறுகுகிறது, விலகும்போது அவிழ்கிறது. நாள்தோறும் ஒரே இடத்தில் இது நடக்கிறது என்றால், அவள் முடிவு செய்து நடத்தும் காரியம் அல்ல அது. அவளுக்கு நேரும் காரியம்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது மருத்துவருக்கு அழகில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது செலக்டிவ் மியூட்டிசம் என்று நாங்கள் சொல்வதோடு மிகவும் ஒத்துப்போகிறது. குழந்தை சில இடங்களில் சரளமாகப் பேசும். பேச வேண்டிய வேறு சில இடங்களில், பெரும்பாலும் பள்ளியில், வாயே திறக்காது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்போது பல பிள்ளைகள் மிரண்டுதான் இருப்பார்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ பழக்கத்தையோ கெடுத்தால்தான் கவனிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இது மூன்றாம் ஆண்டு. நூறு பிள்ளைகளில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. அதனால் 20 ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர்கூட இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திராமல் இருக்கலாம். பையன்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகம். அதனால் ஒரு கெடுதலும் உண்டு. நம் வீடுகளில் பேசாத பெண்பிள்ளைக்கு "அடக்கமான பிள்ளை" என்று நற்சான்று கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்கிவிடுகிறோம்.

உங்கள் கணவர்மீது கோபப்படாதீர்கள். அவர் சொன்னதைத்தான் எங்கள் மனநல மருத்துவத் துறையும் நூறு ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தது. 1877-இல் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்கு வைத்த பெயரின் பொருளே, வேண்டுமென்று பேசாதிருத்தல் என்பதுதான். 1934-இல் டிராமர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் வைத்த பெயரிலும், பிள்ளை தானே மௌனத்தைத் தேர்ந்துகொள்கிறது என்ற தொனி இருந்தது. 1994-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அந்தத் தொனியை மாற்றியது. 2013-இல் வந்த பதிப்பு இதைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது. படித்தவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்றால், செம்பனைக் குலை லாரி ஓட்டிவிட்டுக் களைத்து வரும் ஒரு தந்தை (உங்கள் கணவரின் வேலை எனக்குத் தெரியாது, உங்கள் ஊரில் நான் பார்த்த பல தந்தையர் அதைத்தான் செய்தார்கள்) அதைத் திமிர் என்று நினைப்பதில் வியப்பில்லை.

அவருக்கு விளங்கும்படி சொல்ல ஒரு வழி இருக்கிறது. தைப்பூசத்தில் வாய்ப்பூட்டு அலகு போட்டுக்கொண்டு நடப்பவரை அவர் பார்த்திருப்பார். அந்த நேரத்தில் அவரிடம் போய், "பேசு, பேசினால் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொல்வார்களா? அவராவது வேண்டிக்கொண்டு, விரதம் இருந்து, தானே கேட்டுப் போட்டுக்கொண்ட பூட்டு அது. உங்கள் மகளுக்குக் கேட்காமலே விழுந்த பூட்டு. "வாயைக் கட்டிவிட்டார்கள்" என்று உங்கள் மாமியார் சொல்வதில் "யாரோ" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாய் கட்டுண்டு கிடக்கிறது என்று அவர் கண்டது சரி. பிள்ளை நடிக்கவில்லை என்பதை அந்த வீட்டில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான் போலிருக்கிறது. திருநீறு பூசட்டும், திருஷ்டி சுற்றட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். நாக்கில் எதையாவது சுட்டுத் தேய்ப்பது, மிரட்டி மந்திரிப்பது மட்டும் வேண்டாம். அவரிடம் வேறொரு பெரிய வேலையை ஒப்படைக்கப் போகிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த ஊர்ப்பெயர் ஒரு வசவு. நான் படித்த தோட்டப் பள்ளியிலும் கணக்கில் தவறு செய்தவனை "அடுத்த ரயிலில் தஞ்சோங் ரம்புத்தான்" என்றுதான் கிண்டல் செய்வோம். பின்னாளில் நானே அந்தத் துறைக்குப் போனபோது என் அம்மா ஒரு வாரம் அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை! 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனை இன்றும் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. அதைப் பற்றிய பயமே பழசு. தவிர, உங்கள் மகளின் பிரச்சினைக்கு எந்த மருத்துவமனையிலும் படுக்கை தேவையில்லை. புறநோயாளியாகப் போவீர்கள், ஒரு மணி நேரம் பேசுவீர்கள், வீட்டுக்கு வருவீர்கள். வழியில் நாசி லெமாக் வாங்கிக்கொடுத்தால் அவளுக்கு அது ஈப்போ சுற்றுலா.

போகும் வழி இதுதான். முதலில் உங்கள் ஊர் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். அங்கே கட்டணம் 1 ரிங்கிட். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். முதல் சொல் எப்போது வந்தது, எப்போது நடந்தாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மருத்துவரிடம் "பேச மாட்டேன் என்கிறாள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "வீட்டில் நன்றாகப் பேசுகிறாள், பள்ளியில் 3 ஆண்டுகளாகப் பேசவில்லை" என்று முழுவதுமாகச் சொல்லுங்கள். பாதி சொன்னால் பேச்சுத் தாமதம் என்று வேறு பாதையில் அனுப்பிவிடக்கூடும். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அரசாங்கக் கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்கும் செலவும் பெரிதாக இருக்காது. தேதி கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நான் கீழே எழுதப்போவதில் பெரும்பகுதியை நாளைக்கே தொடங்கலாம்.

அந்த முதல் சந்திப்பை நினைத்துப் பெற்றோர் அதிகம் பயப்படுகிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நல்ல மருத்துவர் முதல் நாள் உங்கள் மகளிடம் பேச்சை எதிர்பார்க்கவே மாட்டார். தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து அவளை ஒரு மூலையில் விட்டுவிட்டு உங்களைத்தான் கேட்பார். பிரசவம் எப்படி, குறைமாதமா, காது வலி அடிக்கடி வருமா, யாரிடம் பேசுவாள், யாரிடம் கிசுகிசுப்பாள், யாரைப் பார்த்தால் உறைந்துபோவாள். குடும்பத்தில் வேறு யாராவது இப்படிக் கூச்சப்பட்டதுண்டா என்றும் கேட்பார். இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் கணவன் மனைவி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "என் அப்பாகூடத் தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் கையைத்தான் தூக்குவார், வாயைத் திறக்க மாட்டார்" என்று ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. இந்தக் கூச்ச சுபாவம் ரத்தத்தில் கொஞ்சம் ஓடத்தான் செய்கிறது. அதில் யாருடைய குற்றமும் இல்லை.

கைத்தொலைபேசியில் ஒரு காணொளி எடுத்துக்கொண்டு போங்கள். அவளுக்குத் தெரிந்தே எடுங்கள். ஒளிந்து எடுத்தது பின்னால் தெரிந்தால் உங்கள்மீது இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். அவள் டிவிக்கு எதிரே நின்று செய்தி வாசிக்கும் 2 நிமிடம் போதும். வாக்கியம் முழுமையாக வருகிறதா, திக்குகிறதா, உச்சரிப்பு தெளிவா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளா என்பதை அந்த 2 நிமிடத்தில் ஒரு மருத்துவர் கண்டுகொள்வார். பள்ளியிலிருந்து வகுப்பாசிரியரின் குறிப்பு ஒன்றும் வேண்டும்: இடைவேளையில் யாரோடு இருக்கிறாள், விளையாடுகிறாளா, தலையாவது அசைக்கிறாளா, எழுத்து வேலை எப்படி.

இவற்றைக் கொண்டு மருத்துவர் வேறு சிலவற்றைக் கழித்துப் பார்ப்பார். செவிப் பரிசோதனை கட்டாயம் உண்டு. வீட்டின் அமைதியில் கேட்பது வகுப்பு இரைச்சலில் கேட்காமல் போகலாம். ஆட்டிசம் உண்டா என்று பார்ப்பார்கள். அது இருந்தால் பழக்கவழக்க வேறுபாடு வீட்டிலும் தெரியும். விளையாட்டு ஒரே விதமாகச் சுற்றிவரும், மற்றவர் மனநிலையைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதும் உண்டு. மொழிக் குறைபாடு, திக்குவாய் ஆகியவையும் பார்க்கப்படும். மொழியே தெரியாமல் வாயடைத்துப்போவது வேறு கதை. வீட்டில் தமிழ் மட்டும் பேசி, திடீரென்று மலாய்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை சில மாதங்கள் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. உங்கள் மகள் படிப்பது தமிழில். அந்தக் காரணம் இங்கே பொருந்தாது. அறிவுத்திறனைப் பேச்சில்லாமலே அளக்க வழி உண்டு. ரேவன் சோதனை என்று ஒன்று. கோலம் போன்ற ஒரு படத்தில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும், சரியான துண்டைப் பிள்ளை விரலால் காட்டினால் போதும்.

மருத்துவர் உங்களை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, யாராவது அவளை அடித்தார்களா, தவறாகத் தொட்டார்களா என்றும் விசாரிக்கக்கூடும். மனம் புண்படாதீர்கள். எல்லாப் பிள்ளைகளின் விஷயத்திலும் இதைக் கேட்டாக வேண்டும். பொதுவாக, அதிர்ச்சியால் பேச்சு நின்ற பிள்ளை முன்பு தாராளமாகப் பேசியவர்களிடமும் திடீரென்று நிறுத்திவிடும். உங்கள் மகளிடம் நீங்கள் அப்படி எதையும் காணவில்லை என்பது நல்ல அடையாளம்.

சிறப்புக் கல்வி வகுப்பு பற்றி என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: இப்போது வேண்டாம். அந்த வகுப்புகளைக் குறைத்துச் சொல்லவில்லை. தேவைப்படும் பிள்ளைகளுக்கு அவை வரம். ஆனால் வாசிக்கவும் எழுதவும் தெரிந்த பிள்ளையை, பேசவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அங்கே உட்காரவைத்தால் பூட்டு அப்படியேதான் இருக்கும், பாடம் மட்டும் குறைந்துவிடும். பரிசோதனையில் கற்றல் குறைபாடு தனியாகத் தெரியவந்தால் அப்போது பேசுவோம். டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்தான் "மருத்துவரைப் பாருங்கள்" என்று முதலில் சொன்னவர்; பாதி வழி நம் பக்கம் வந்துவிட்டார். அவருக்கும் ஒரு நெருக்கடி உண்டு: முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தேர்வு இல்லை, வகுப்பறை மதிப்பீடுதான்; அதில் கேட்டல், பேச்சுத் திறனுக்கு ஏதாவது நிலை போட்டாக வேண்டும். வீட்டில் பாடத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். டீச்சர் தனியாகக் கேட்க வேண்டும், வகுப்பில் போட்டுக் காட்டக் கூடாது.

அவரிடம் அதைவிட அவசரமாகப் பேச வேண்டியது கழிவறை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர்ப் புட்டி மதியம் நிரம்பியே திரும்புகிறதா என்று பாருங்கள். பல பிள்ளைகள் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது என்று காலையிலிருந்தே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அடக்கி அடக்கி மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வந்துசேரும். ஒரு சின்ன அட்டையில் கழிவறைப் படம் வரைந்து, அவள் மேசையில் வைக்கட்டும். அட்டையை மேசை ஓரத்துக்குத் தள்ளினால் போகலாம் என்று அர்த்தம். டீச்சர் தலையசைத்தால் போதும். "கேட்டால்தான் விடுவேன்" என்ற ஒழுங்கு மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். காலுடைந்த பிள்ளையை நாம் மாடிப்படி ஏறச் சொல்வதில்லையே.

இனி வீடு. முதல் காரியமாக, "இன்றைக்குப் பேசினாயா?" என்ற கேள்வியை நிறுத்துங்கள். பள்ளி விட்டு வந்ததும் நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். மோட்டாரில் ஏறிய பிள்ளை கோயில் திருப்பம் வரும்வரை காத்திருப்பது அந்தக் கேள்விக்குப் பயந்தும் இருக்கலாம். சைக்கிள், பொம்மை, ஐஸ்கிரீம் பேரமும் வேண்டாம். இதில் நானே அடிபட்டவள். பயிற்சிக் காலத்தில் ஒரு சிறுவனிடம், "உன் பெயரைச் சொல், இந்த மிட்டாய் உனக்கு" என்றேன். மிட்டாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு 6 வாரம் என் அறை வாசலைக்கூடத் தாண்டவில்லை. அவனால் முடியாத ஒன்றுக்கு நான் விலை பேசியிருக்கிறேன்!

அடுத்தது கொஞ்சம் கசக்கும். அவளுக்காக நீங்கள் பேசிவிடுகிறீர்கள். கடையில் "பாப்பா, என்ன வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டதும், அவள் உங்கள் பின்னால் ஒளிய, "அவளுக்கு மைலோதான்" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அன்பால்தான். ஆனால் அந்த நொடியில் அவள் நெஞ்சு படபடப்பு சட்டென்று அடங்குகிறது. பேசாமல் இருந்தால் பயம் தணிகிறது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. நாளுக்கு 10 முறை, 3 ஆண்டுகள் இந்தப் பாடம் நடந்திருக்கிறது. இந்தக் கோளாறு நீடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதற்காக நாளை முதல் அவளைத் தனியாக நிறுத்திவிடாதீர்கள். கேள்வி வந்ததும் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு நீங்களே அவள் பக்கம் குனிந்து, "மைலோவா, பார்லியா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். விரல் காட்டினால் சரி, உங்கள் காதில் கிசுகிசுத்தால் அதைவிட நல்லது. தலையசைப்பில் பதில் முடிந்துபோகும் கேள்விகளைக் குறையுங்கள். என்றைக்காவது கடைக்காரருக்குக் கேட்கும்படி அவள் சொல்லிவிட்டால் கைதட்டாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் சித்திக்கு எழுதாதீர்கள். பானத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். உறவினர் கூடும் நாட்களில் "எங்கே, ஒரு தேவாரம் பாடு" என்று கேட்கும் பெரியப்பாவை முன்கூட்டியே எச்சரித்து வையுங்கள்.

இப்போது மாமியாரின் வேலைக்கு வருகிறேன். உங்கள் மகள் யாரை அதட்டுகிறாளோ அவர்தான் நமக்குச் சாவி. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தலைமுறையாக இருந்தால் விடியற்காலைப் பொறுமை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பள்ளி விட்டபின் வகுப்பு காலியானதும், வாரம் 3 நாள் பாட்டியும் பேத்தியும் அங்கே 20 நிமிடம் உட்காரட்டும். பல்லாங்குழி ஆடட்டும். பள்ளியிலேயே மலாய்க்காரர்களின் சோங்காக் பலகை இருக்கலாம், அதுவும் ஏறக்குறைய அதே ஆட்டம்தான். பல்லாங்குழியை நான் வேண்டுமென்றே சொல்கிறேன்: அதில் எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணுவது உரையாடல் அல்ல. யாருக்கும் பதில் சொல்லும் பாரம் அதில் இல்லை. சோழி குழியில் விழும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய் தானாக முணுமுணுக்கும். முதல் சில நாட்கள் கதவு சாத்தியிருக்கட்டும். அந்த அறையில் அவள் குரல் ஒருமுறை ஒலித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்தச் சுவர்கள் இதுவரை அவள் குரலைக் கேட்டதில்லை.

அவள் வீட்டில் பேசுவதுபோலவே அங்கே பேசத் தொடங்கியபின் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பிறகு டீச்சர் வராந்தாவில் நடக்கட்டும், எட்டிப் பார்க்காமல். அடுத்து உள்ளே வந்து தூரத்து மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தட்டும். அந்த நாளில் குரல் கிசுகிசுப்பாகத் தாழும், நின்றும் போகலாம். நின்றால் ஒரு படி பின்னால் போங்கள், பாட்டி தானே எண்ணிக்கொண்டு ஆடட்டும். சில நாட்களில் டீச்சர் திரும்பி உட்காரலாம், பிறகு பக்கத்து மேசை, பிறகு "பாட்டி, எனக்கும் ஒரு ஆட்டம்" என்று பாட்டியிடம் கேட்கலாம். பிள்ளையிடம் அல்ல. மூவரும் மாறி மாறி எண்ணும்போது டீச்சர் மூன்று சொன்னால் அவள் நான்கு சொல்வாள். டீச்சருக்கு அவள் சொல்லும் முதல் சொல் அந்த நான்காகத்தான் இருக்கும். பிறகு பாட்டி தண்ணீர் குடிக்க வெளியே போகலாம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பலாம். ஒரு தோழியைச் சேர்க்கலாம், பிறகு இரண்டு பேர். இதற்கு மருத்துவமனையில் உளவியலாளர் உங்களுக்கு ஒரு திட்டம் வகுத்துக் கொடுப்பார். படிகளின் அளவை அவர் பிள்ளையைப் பார்த்துத் தீர்மானிப்பார். முழுப் பலன் தெரிய ஒரு பள்ளித் தவணை ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். உங்கள் பள்ளி 150 பேருக்கும் குறைவான குறைந்த மாணவர் பள்ளியாக இருந்தால் அது நமக்கு அதிர்ஷ்டம். வகுப்பில் 12 பேரிடம் பேசப் பழகுவது 35 பேரிடம் பழகுவதைவிட எளிது. அந்தப் பள்ளிகளை மூடச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

மருந்து. 7 வயதில், இதுவரை எந்தப் பயிற்சியும் முயலாத நிலையில், நானாக இருந்தால் எழுதமாட்டேன். பயிற்சியைச் சரியாகச் செய்தும் பல மாதங்கள் அசையாமல் நின்றால், அல்லது பயத்தால் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்குப் போவதே பாதித்தால், மருத்துவர் ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கலாம். அது தூக்க மருந்து அல்ல. பயத்தின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கும்; ஏற வேண்டிய படியைப் பிள்ளைதான் ஏற வேண்டும். பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகும். வயிற்றுக் குமட்டல், பரபரப்பு, தூக்கக் குறைவு வரலாம். இவ்வகை மருந்துகள் சில இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம் என்று 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையான எச்சரிக்கை அச்சிட வைத்தது. அதனால் முதல் வாரங்களில் அடிக்கடி மருத்துவரிடம் காட்ட வேண்டும், சுபாவத்தில் திடீர் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். "மருந்து வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைச் சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து, வாங்கிவந்து அலமாரியில் பூட்டி வைக்கிறவர்கள் நம்மில் அதிகம். நேரில் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனைக் கோப்பு பள்ளிக்குப் போகாது. பள்ளிக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டால் நீங்கள் கேட்டுத்தான் மருத்துவர் எழுதுவார். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் நீங்கள் பேசிக்கொள்ளலாம். நாளைய கல்யாணப் பேச்சு வரைக்கும் இப்போதே கவலைப்படுகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. கவனிக்காமல் விட்டால்தான் கவலை: பல பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகவேனும் வந்துவிடுகிறது, ஆனால் நாலு பேர் முன்னிலையில் நடுங்கும் கூச்சம் பெரியவர்களான பின்னும் தங்கிவிடுகிறது. நேர்காணலில் வேலை போவது அப்படித்தான்.

கணவரையும் ஒருநாள் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச அல்ல, இடைவேளையில் வேலிக்கு வெளியே நின்று பார்க்க. சிற்றுண்டிச்சாலையில் மற்றப் பிள்ளைகள் கத்தும்போது அவள் எப்படி நிற்கிறாள் என்று அவர் பார்க்கட்டும். தோள் உயர்ந்திருக்கும், கை பாவாடையைப் பிடித்திருக்கும், முகம் மரத்துப் போயிருக்கும். திமிர் பிடித்த பிள்ளை அப்படி நிற்காது என்பது அவருக்கே விளங்கிவிடும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். பள்ளி ஜாகாவிடம் (காவலாளியிடம்) முன்னதாகவே பேசிவிடுங்கள். மாலையில் வகுப்பறைச் சாவி அவரிடம்தான் இருக்கும், நல்ல மனிதராகவும் இருப்பார், அதுதான் ஆபத்து. பாட்டியும் பேத்தியும் கேட்டைத் தாண்டும்போது, "என்ன பாப்பா, இன்றைக்காவது பேசுவாயா?" என்று அன்பாகக் கேட்டுவிடுவார், அன்றைய 20 நிமிடமும் போய்விடும். அவரைப் பாட்டியிடம் வெயிலைப் பற்றி மட்டும் பேசச் சொல்லுங்கள்.